ஸ்க்ரூடிரைவர் எட்டாத இடத்துக்குக் காசு போடுங்கள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து என் கடைக்கு ஒரு தனி ரகக் கூட்டம் வரும். கையில் ரிப்பேர் லேப்டாப் இருக்காது, போனில் வாங்க நினைக்கும் புது லேப்டாப்பின் ஸ்க்ரீன்ஷாட் இருக்கும். "அண்ணே, பையன் காலேஜ் சேர்றான். இது நல்லதான்னு பாத்துச் சொல்லுங்க." பக்கத்தில் நிற்கும் பையன் வாயே திறக்க மாட்டான். அப்பா போன் பேச வெளியே போனதும் மெதுவாகக் கேட்பான்: "இதுல ஜிடிஏ கேம் ஓடுமாண்ணே?"

மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் பன்னிரண்டு வருஷமாக லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். புதுசு விற்பதில்லை. அதனால் எந்த கம்பெனி மேலும் பாசமும் இல்லை, பகையும் இல்லை. இத்தனை மெஷினைக் கழற்றி மாட்டியதில் எனக்குப் பிடிபட்ட கணக்கு ஒன்றுதான். ஸ்க்ரூடிரைவரை வைத்து அரை மணி நேரத்தில் மாற்றக்கூடியது எது, கடைசிவரை மாற்ற முடியாதது எது என்று முதலில் பிரித்துவிடுங்கள். ராம் (ஓடும்போது பயன்படும் மெமரி), எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்), பேட்டரி, வைஃபை கார்டு இதெல்லாம் பெரும்பாலும் மாற்றலாம். பிராசஸர், கிராபிக்ஸ் சிப், சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க், பாடி இதெல்லாம் மாறாது. டிஸ்ப்ளேயை மாற்றலாம்தான், விலையைக் கேட்டால் மனசு வராது. கை இறுக்கமாக இருக்கும்போது பணம் மாறாதவற்றுக்குத்தான் போக வேண்டும். கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் உங்களை வேறு பக்கம் இழுக்கும்.

2025 ஜூனில் என் அக்கா மகனுக்கு வாங்கினோம். இன்ஜினியரிங், ஈசிஇ. அக்கா எடுத்த சீட்டுப் பணம் 65,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. அவன் எனக்கு அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டில் 58,000 ரூபாய்க்கு ஒரு மெஷின்: ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மெலிசான உடம்பு, வெள்ளி நிறம். அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "ஐ7 தாண்டா பெருசு? ஐ5-அ விட ரெண்டு கூடத்தானே?"

கூடத்தான். ஆனால் கடைசியில் இருக்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும். அவன் காட்டியது ஐ7-1255யூ. 'யூ' என்று முடிந்தால் பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகச் செய்த சிப். அதன் அடிப்படை மின்சாரம் 15 வாட். பத்து கோர், அதாவது வேலை செய்கிற பத்து மூளை, என்று போட்டிருப்பார்கள், அதில் இரண்டுதான் பெரிய கோர், எட்டு சின்னது. அதே தலைமுறையில் ஐ5-12450எச் என்று ஒன்று உண்டு. மொத்தம் எட்டு கோர், அதில் நான்கு பெரியது, அடிப்படை 45 வாட். அரை மணி நேரம் தொடர்ந்து கேம் ஆடினால், பெரிய கோட் ஒன்றை கம்பைல் பண்ணினால், இந்த ஐ5 அந்த ஐ7-ஐத் தாண்டி ஓடும். வேர்டு, பிரவுசர், பிபிடி மட்டும் என்றால் ஐ7-யூ தாராளம், பேட்டரியும் நிற்கும். நமக்கு கேமும் வேண்டும் என்பதால் 'எச்', 'எச்எஸ்', 'எச்எக்ஸ்' என்று முடிவதைத் தேடுங்கள்.

ஏஎம்டியில் வேறு ஒரு சூட்சுமம். ரைசன் 7000 வரிசையில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இலக்கத்தைப் பார்த்துப் புதுசு என்று நினைத்துக்கொள்வோம், உள்ளே இருக்கும் சரக்கு எந்தக் காலத்தது என்பதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். ரைசன் 5 7520யூ: மூன்றாவது இலக்கம் 2, அதாவது ஜென் 2 (ஜென் என்பது ஏஎம்டியின் சிப் வடிவமைப்பு, எண் கூடினால் புதுசு), நான்கு கோர். ரைசன் 5 7535எச்எஸ்: 3, அதாவது ஜென் 3 பிளஸ், ஆறு கோர். 7640எச்எஸ்: 4, ஜென் 4. மூன்றுமே 'ரைசன் 5 7000 சீரிஸ்' என்றுதான் விலைச்சீட்டில் நிற்கும். இதை ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், சேல்ஸ் தம்பி உங்களை வேறு மாதிரி நடத்துவார்.

கிராபிக்ஸுக்குப் போவதற்கு முன்னால் பையனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: என்ன கேம்? "எல்லாம்" என்பான். விடாதீர்கள். இப்போது வாரத்துக்கு நாலு நாள் ஆடுவது எது? என் மருமகன் முதலில் சொன்னது வாலரன்ட், அப்புறம் மைன்கிராஃப்ட். இந்த இரண்டுக்கும் தனி கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. ரைசன் 7 7735எச்எஸ் மாதிரி ஒரு பிராசஸருக்குள்ளேயே ரேடியான் 680எம் இருக்கிறது. இரண்டு ராம் குச்சி போட்டு 16 ஜிபி இருந்தால் வாலரன்ட் வழுக்கிக்கொண்டு ஓடும். அவ்வளவுதான் ஆசை என்றால் பத்துப் பதினைந்தாயிரம் மிச்சம், எடையிலும் அரை கிலோ குறையும். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் ஆடுகிற பையனுக்காக கேமிங் லேப்டாப் வாங்க வேண்டாம். அதெல்லாம் போன் கேம், போன் கேமை லேப்டாப்பில் ஓட்டும் எமுலேட்டரில் பிஜிஎம்ஐ ஆடினால் அக்கவுன்டுக்கே ஆபத்து.

என் மாப்பிள்ளை அதோடு நிற்கவில்லை. "மாமா, ஜிடிஏ 5, அப்புறம் ஃபோர்சா, அப்புறம் புதுசா எது வந்தாலும்..." சரி, தனி கார்டு வேண்டும்.

அந்தப் பட்ஜெட்டில் அப்போது கண்ணில் பட்டவை மூன்று. ஆர்டிஎக்ஸ் 2050, ஆர்டிஎக்ஸ் 3050, கொஞ்சம் எட்டிப் பிடித்தால் ஆர்டிஎக்ஸ் 4050. 2050-ஐ நான் தள்ளிவிடுவேன். 4 ஜிபி மெமரி, அதுவும் 64 பிட் என்கிற குறுகலான பாதையில். 3050-லேயே 4 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று என இரண்டு உண்டு. விளம்பரத்தில் பெரிதாக '3050' என்று இருக்கும், ஜிபியைத் தேடித்தான் படிக்க வேண்டும். 6 ஜிபியையே எடுங்கள். ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015-ல், அதற்கு 4 ஜிபியே போதும். இப்போது வரும் கேம்கள் டெக்ஸ்சருக்கே அதைத் தின்றுவிடும். கிராபிக்ஸ் மெமரியை எந்த ஸ்க்ரூடிரைவராலும் கூட்ட முடியாது.

அடுத்தது வாட். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். கார்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும், அதற்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் செய்பவர்தான் தீர்மானிக்கிறார். ஆர்டிஎக்ஸ் 4050-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று என்விடியாவே விட்டிருக்கிறது. மெலிசான பாடிக்குள் மூச்சுத் திணறும் 4050, கனமான பாடியில் முழு வாட்டில் ஓடும் 3050-க்குப் பக்கத்தில் வந்து நிற்பதும் நடக்கும். கம்பெனியின் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில் 'டிஜிபி' (TGP, கார்டுக்குக் கிடைக்கும் மொத்த வாட்) என்று தேடினால் கிடைக்கும். ஷோரூமில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் பண்ணி என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குப் போங்கள். 'மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்' என்று ஒரு வரி இருக்கும். பைபாஸ் ரோட்டில் நாங்கள் போன ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு 3050 மெஷினில் ஒன்று 60 காட்டியது, இன்னொன்று 95. விலை வித்தியாசம் 2,000. சேல்ஸ் தம்பி எட்டிப் பார்த்து, "இதெல்லாம் இங்கதான் இருக்கா சார்?" என்றார்.

ராம் விஷயத்தில் நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். பல வருஷமாக எல்லோரிடமும் ஒரே பாட்டுத்தான்: "8 ஜிபி மெஷினையே எடு, மிச்சக் காசை கிராபிக்ஸில் போடு, ராம் நான் பின்னால் போட்டுத் தருகிறேன்." கணக்கு சரியாகத்தான் இருந்தது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் போக ஆரம்பித்ததும் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. "அப்புறம் போடலாம்" என்று நான் அனுப்பிவைத்தவர்கள் திரும்பி வந்து விலையைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அதனால் இப்போது சொல்வது: 8-க்கும் 16-க்கும் வித்தியாசம் நியாயமாக இருந்தால் முதலிலேயே 16 எடுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, மேட்லேப் என்று திறக்கிற பிள்ளைகளுக்கு 8 பத்தாது.

8 ஜிபிதான் கட்டுப்படியாகும் என்றால், கூட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ், அதில் மெமரி. 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்று இருந்தால் நல்லது, ஒரு ஸ்லாட் காலி. அதற்குக் கீழே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ராம் போர்டிலேயே சால்டர் பண்ணியது. மெலிசான மெஷின்களில் இது அதிகம். அப்படிப்பட்டதில் வாங்கும்போது என்ன இருக்கிறதோ அதுதான் கடைசிவரைக்கும். பழைய தலைமுறை ராமான டிடிஆர்4-க்கான ஸ்லாட்டில் புதிய தலைமுறை டிடிஆர்5 குச்சி உட்காராது என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் கிடந்த பழைய ராமைக் கொண்டுவந்து போடச் சொல்பவர்கள் மாசத்துக்கு ஒருவராவது வருகிறார்கள்.

எஸ்எஸ்டி 512 போதும். ஜிடிஏ 5 மட்டுமே நூறு ஜிபியைத் தாண்டும் என்றாலும், எஸ்எஸ்டி மாட்டும் இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். டிஸ்ப்ளேயில் 144 ஹெர்ட்ஸ் என்பதை மட்டும் பெரிதாக எழுதியிருப்பார்கள். கூடவே '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று சின்னதாக இருந்தால் நிறம் வெளுத்துத்தான் தெரியும், குங்குமச் சிவப்பு செங்கல் நிறத்தில் நிற்கும். படிப்புக்கும் கேமுக்கும் அது போதும். வீடியோ எடிட்டிங், டிசைன் என்று போகிற பிள்ளைக்கு '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' இல்லாததை வாங்காதீர்கள். வெளிச்சம் 300 நிட்ஸ் இருந்தால் ஜன்னலோர பெஞ்சிலும் கண் கூசாமல் படிக்கலாம்.

இனி நான் தினமும் பார்க்கிற சங்கதிக்கு வருகிறேன். என் மேஜைக்கு வரும் காலேஜ் லேப்டாப்களில் பிராசஸர் செத்து வருவது அபூர்வம். ஹிஞ்ச் உடைந்துதான் வரும். மூடியைத் திறந்து மூடுகிற கீல்தான் ஹிஞ்ச். இரும்பில் இருக்கும், அது உடையாது. அதை இறுக்கும் ஸ்க்ரூ போய் உட்காருவது பித்தளையில் ஒரு சின்ன நட். அந்த நட் பிளாஸ்டிக்குக்குள் பதிந்திருக்கும், கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுதான். கீலில் இருக்கும் கிரீஸ் ஒன்றிரண்டு வருஷத்தில் காய்ந்து இறுகும். பையன் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு மறுகையால் மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குவான். இறுக்கம் முழுவதும் அந்தப் பக்கத்துப் பிளாஸ்டிக் மேல் விழும். முதலில் ஒரு 'டிக்' சத்தம். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அடுத்த மாசம் கீல் பக்கம் பாடி இரண்டாகப் பிளந்து வாய் திறந்து நிற்கும். அதோடு ஆடிக்கொண்டிருந்தால் டிஸ்ப்ளே கேபிளும் அறுந்து ஸ்க்ரீனில் கோடு வரும்.

அந்த 'டிக்' கேட்ட வாரமே கொண்டுவந்தால் கீலின் இறுக்கத்தைத் தளர்த்தி கிரீஸ் போட்டு 300 ரூபாயில் அனுப்பிவிடுவேன். பிளந்த பிறகு வந்தால் பேனலே மாற்ற வேண்டும், 3,500-லிருந்து ஆரம்பம்.

ஆகவே கடையில் இதைச் செய்து பாருங்கள். மூடியின் நடுவில் ஒரே விரலை வைத்துத் தூக்குங்கள். அடிப்பாகம் மேஜையை விட்டு எழும்பாமல் மூடி மட்டும் திறந்தால் கீல் இளக்கமாக இருக்கிறது, நல்லது. கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள், பாய் மாதிரி அமுங்கினால் பாடி சுமார். பிறகு மெஷினைத் திருப்பி அடியைப் பாருங்கள். காற்று உள்ளே போகும் துளை எவ்வளவு அகலம், பின்பக்கம் வெளியேறும் வழி ஒன்றா இரண்டா? இரண்டு ஃபேன், பின்னால் அகலமான வழி இருப்பதைத்தான் நான் எடுப்பேன், அசிங்கமாக இருந்தாலும் சரி. சித்திரை வெயிலில் மதுரையில் 40 டிகிரி அடிக்கும்போது ஏசி இல்லாத ரூமில் கேம் ஆடப்போகிற மெஷின் அது. சூடு தாங்காவிட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாட் எல்லாம் அங்கே வீண்.

பேட்டரியைப் பற்றிப் பெற்றோர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். கேமிங் மெஷின் வகுப்பில் நாலு மணி நேரம் நின்றால் சந்தோஷப்படுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேம் ஆடினால் வேகம் பாதியாகும். அது கோளாறு கிடையாது, பேட்டரியால் அவ்வளவு கொடுக்க முடியாது. சார்ஜரே செங்கல் கனம். லேப்டாப், சார்ஜர் சேர்த்து மூன்று கிலோ, டவுன் பஸ்ஸில் தினமும் நின்றுகொண்டு போகிற பிள்ளையா, ஹாஸ்டலா என்பதையும் யோசியுங்கள்.

பிளஸ் ஒன் சேர்கிற பிள்ளைக்கு என்று கேட்டு வருபவர்களிடம் நான் வேறு சொல்வேன். ஸ்டேட் போர்டு கம்ப்யூட்டர் சயின்ஸில் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தானும் எஸ்க்யூஎல்லும், இதற்கு எந்த மெஷினும் தாங்கும். மெஷின் வீட்டை விட்டு நகரப்போவதில்லை என்றால் அதே காசுக்கு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணுங்கள், கேம் இன்னும் நன்றாக ஓடும், பிற்பாடு எல்லாமே மாற்றலாம். கையில் 25,000-தான் இருக்கிறது என்றால் கம்பெனிகளில் ஓடி வந்த செகண்ட் ஹேண்ட் திங்க்பேட், லாட்டிட்யூட் மாதிரி மெஷின்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் இங்கேயும் கிடைக்கும். பாடி இரும்பு மாதிரி. இன்டெல் 8-வது தலைமுறைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். அதற்கு முந்தையதை விண்டோஸ் 11 ஏற்காது, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அதில் கனமான கேம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

பில் போடும்போது இரண்டு மூன்று விஷயம். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றாலும் வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசஸிங் கட்டணமும் கார்டில் ஏறும், கேட்டுக்கொள்ளுங்கள். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் விண்டோஸ் உள்ளே இருக்கிறதா, விண்டோஸ் இல்லாத வெறும் டாஸா என்று பாருங்கள். ஆபீஸ் என்று சொன்னால் ஆயுளுக்கா, ஒரு வருஷச் சந்தாவா? ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை டேப் வெட்டுவதிலிருந்து வீடியோ எடுங்கள். அன்றைக்கே அடியில் இருக்கும் சீரியல் நம்பரை கம்பெனி தளத்தில் போட்டு வாரன்டி எந்தத் தேதியில் தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஆறு மாசத்துக்கு முன்பே ஓட ஆரம்பித்த வாரன்டியோடு 'புது' மெஷின் வாங்கியவர் ஒருவர் என் கடைக்கு வந்திருக்கிறார். பில்லைக் காட்டி அதைத் திருத்த அவர் ஒரு மாசம் அலைந்தார். கீழே போட்டால், தண்ணீர் கொட்டினால் ஈடு தரும் பாதுகாப்புத் திட்டம் 2,000-க்குள் கிடைத்தால், ஹாஸ்டல் பிள்ளைக்கு அதை மட்டும் யோசிக்காமல் எடுங்கள். ஆன்டிவைரஸ் வேண்டாம்.

கடைசியில் நாங்கள் வாங்கியது ஐ5-12450எச்எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, அந்த 95 வாட் மெஷின். 8 ஜிபி ஒற்றை ராம், ஒரு ஸ்லாட் காலி. கார்டு தள்ளுபடி போக 61,500. மிச்சக் காசில் இன்னொரு 8 ஜிபி ராமும் ஒரு மவுஸும். விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கியதால் தப்பித்தோம். அக்காவுக்கு இன்னும் திருப்தியில்லை. கறுப்பாக, கனமாக, ஐ7-உம் இல்லாமல். "பாக்கவே டிவிடி பிளேயர் மாதிரி இருக்கு" என்றாள்.

அனுப்பும்போது மாப்பிள்ளை கையில் இரண்டு சோடா மூடியைக் கொடுத்தேன். பின்பக்கம் இரண்டு மூலையிலும் அதை வைத்துத் தூக்கினால் அடியில் காற்று ஓடும், 500 ரூபாய் கூலிங் பேடுக்குச் சமம். மெத்தையில் வைத்து ஆடக்கூடாது, இரண்டு கையால் திற, வருஷத்துக்கு ஒருமுறை என்னிடம் கொண்டுவா.

பொங்கலுக்கு வந்தபோது கழற்றிப் பார்த்தேன். ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் பஞ்சு மாதிரி ஒரு படலம், நீல நிறத்தில். அவன் போர்வையின் நிறம்.

"மாமா, சோடா மூடி தொலைஞ்சு போச்சு."

தூசியை ஊதித் தள்ளி மாட்டிக் கொடுத்தேன். பக்கத்துக் கடையில் நாலு மூடி கேட்டு வாங்கி பையில் போட்டுவிட்டேன், இரண்டு ஸ்பேர்.